நிற்கப் பழகுதல்

மார்கழி பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கோலமாவு செலவாகத் தொடங்கிவிட்டது. காரணம் கேட்ட அம்மாவை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று காட்டினேன். புள்ளியும் இல்லை, சிக்கும் இல்லை. நான்கு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகம் மட்டுமே இருந்தது. அதன் ஓரங்களில் ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்று எட்டு ஆங்கில எழுத்துகளை எழுதியிருந்தேன். நட்டநடுவில் எக்ஸ். அந்தக் கட்டத்திற்குள் ஞாயிறுதோறும் நான் தனியே நடந்துகொண்டிருந்தேன். நடப்பேன், திரும்புவேன், வட்டமிடுவேன், நடுவில் வந்து அசையாமல் நிற்பேன். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை. தாத்தா மட்டும் வெளிப்படையாகக் கேட்டார்.

“என்ன கண்ணு இது? கட்டம் போட்டு சோசியம் பாக்கறியா?”

“இல்ல தாத்தா. குதிரைக்கு ஒரு தேர்வு இருக்கு. கட்டத்துக்குள்ள எப்படிப் போகணும்னு மனப்பாடம் பண்றேன்.”

“பரீட்சை உனக்கா, குதிரைக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றிக் கட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, மாடிப்படியின் மேல் அமர்ந்துகொண்டு, “சரி, நட. பாக்கறேன்” என்றார்.

அந்தத் தேர்வுக்கு ‘டிரஸ்ஸாஜ்’ என்று பெயர். பழக்குதல் என்னும் பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இதில் குதிரை எதையும் தாண்டுவதில்லை, யாரையும் முந்துவதில்லை. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடைய மணற்களத்தில், முன்பே வகுத்துத் தந்த வரிசைப்படி நடந்தும் ஓடியும் வட்டமிட்டும் நின்றும் காட்ட வேண்டும். உயர்நிலைத் தேர்வுகளுக்குக் களத்தின் நீளம் 60 மீட்டர். ஏ என்னும் எழுத்தின் வழியே உள்ளே நுழைந்து, எக்ஸில் நின்று, எதிரே சி என்னும் எழுத்துக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நடுவரை வணங்க வேண்டும். அங்கிருந்து தொடங்கும் ஒவ்வொரு நடைக்கூறுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் ஏதோ போதும். ஆறு என்றால் நிறைவு. பத்தைப் பார்த்தவர் அரியர். குதிரையின் நடை ஒவ்வொன்றுக்கும் தனித்தாளம் உண்டு. சாதாரண நடைக்கு நான்கு தட்டு. எதிரெதிர்க் கால்கள் இணைந்து எழும் துள்ளுநடைக்கு இரண்டு தட்டு. அதனினும் விரைந்த தாவுநடைக்கு மூன்று தட்டு. நாதசுரத்தை வாசிப்பவர் நெஞ்சில் தவில் ஒலித்துக்கொண்டிருப்பதுபோல, ஏறியிருப்பவர் உடலில் அந்தத் தாளம் இடையறாமல் ஓட வேண்டும்.

பர்கூர் என்றதும் குதிரையை நினைப்பவர் பலர் இல்லை. மாட்டை நினைப்பவர் உண்டு. ஆனால் அந்தப் பர்கூர் வேறு. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட புகழ்பெற்ற மாடுகள் ஈரோடு மாவட்டத்தில் அந்தியூருக்கு மேலுள்ள பர்கூர் மலையைச் சேர்ந்தவை. ஆடி மாதத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுவதும் அந்த அந்தியூரில்தான். எங்கள் பர்கூர் கிருட்டினகிரியிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. வரிசை வரிசையாகத் துணிக்கடைகள். சற்று வெளியே போனால் கருங்கல் அறுக்கும் பட்டறைகள். அதற்கும் அப்பால் மாந்தோப்புகள். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஓசூரைத் தாண்டினால் கன்னடம் என்று நாவு மூன்றாகப் பிரிந்து வாழும் எல்லைப்புறம் இது.

ஆயினும் எங்கள் வீட்டில் குதிரை இருந்தது. தாத்தா குதிரைவண்டி ஓட்டியவர். இன்று கன்டெய்னர் லாரிகள் இரைந்து செல்லும் அதே வழியில் துணி மூட்டைகளையும் மணமக்களையும் நோயாளிகளையும் கிருட்டினகிரிக்குக் கொண்டுசென்றவர். அவர் வைத்திருந்தது ஒரு சாம்பல்நிற மட்டக்குதிரை. அதன் தாய் மத்திகிரிப் பண்ணையில் பிறந்தது என்று அவர் உறுதியாகச் சொல்வார். அதற்குச் சான்று எதுவும் எங்களிடம் இல்லை. ஆனால் மத்திகிரிக்கும் குதிரைக்கும் உள்ள உறவு வரலாறு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக விளங்கும் இடம், 1824ஆம் ஆண்டில் படைக்குக் குதிரைகளை வளர்ப்பதற்காக ஆங்கிலேயர் தொடங்கியது. ஓசூரின் குளிர்ந்த காற்றும் புல்வெளியும் குதிரைக்கு ஏற்றவை என அவர்கள் கண்டிருக்க வேண்டும். ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தைப் பேருந்திலிருந்து பார்க்கும்போதெல்லாம், தொழிற்சாலைக் கூரைகள் முளைப்பதற்கு முந்திய ஓசூர் எனக்குச் சற்றே தெரிவதாகத் தோன்றும்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். வார நாள்களில் விடுதி; சனிக்கிழமை இரவுப் பேருந்தில் பர்கூர். ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளி இருப்பதை அறிந்து, முதல் சம்பளத்தில் சேர்ந்தேன். தாத்தாவின் பேத்தி என்னும் துணிச்சல்தான் காரணம். அந்தத் துணிச்சல் முதல் வாரத்திலேயே மூன்றுமுறை மணலில் விழுந்தது. மூன்றாம் ஆண்டில், 2023 சூன் மாதத்தில், பள்ளிக்கு ஒரு பெண்குதிரை வந்து சேர்ந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றது. பந்தயப் பதிவேட்டில் அதற்கு நீண்ட ஆங்கிலப் பெயர். லாயத்தில் எல்லோரும் நிறத்தைச் சொல்லிச் செவலை என்றார்கள்.

செவலை அழகி, ஆனால் நிற்க மாட்டாள். சேணத்தில் ஏறி அமர்ந்ததும் பக்கவாட்டில் நகர்வாள், தலையை உதறுவாள், கடிவாளத்தை இழுத்தால் இன்னும் விரைவாள். அதில் அவள் குற்றம் பெரிதில்லை. பந்தயக் குதிரை கடிவாளத்தின் மேல் சாய்ந்து ஓடப் பழக்கப்பட்டது. வாயில் இழுவை கூடினால் அதற்கு ‘ஓடு’ என்றுதான் பொருள். நாம் ‘நில்’ என்று சொல்வதாக எண்ணி இழுக்கிறோம். அது ‘ஓடு’ என்று கேட்டுக்கொள்கிறது. பள்ளியில் பயின்ற சிறுவர்கள் அவளருகே செல்ல அஞ்சினர். டிசம்பர் இறுதியில் பெங்களூருவில் நடக்கும் தொடக்கநிலைத் தேர்வில் அவள் ஒழுங்காகக் களமிறங்கினால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் விற்றுவிடுவது என உரிமையாளர் முடிவு செய்தார். விற்பது என்றால் திருமண ஊர்வலங்களுக்கு. நின்ற இடத்தில் நிற்காத குதிரை, வெடிச்சத்தத்தின் நடுவே, கூட்டத்தில் என்ன பாடுபடும், என்ன பாடுபடுத்தும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

“நான் பழக்குகிறேன்” என்று சொன்னது நானா என்று இன்றும் வியக்கிறேன்.

எங்கள் பயிற்சியாளர் இராணுவத்தில் குதிரைகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். குறைவாகப் பேசுவார். அவர் முதலில் கற்பித்தது ஏறுவதை அன்று; நின்றுகொண்டு பார்ப்பதை. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், ஏறத்தாழத் தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் அது காணும். மூக்குக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டுமே மறைவு. இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பும். ஒன்று களத்தில், மற்றொன்று நம்மிடம். தோலில் ஓர் ஈ அமர்ந்தாலும் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறக்கூடிய உடல் அது. அப்படிப்பட்ட உடலின் மேல் நாம் ஐம்பது கிலோவாக அமர்ந்துகொண்டு, அதற்கு நம் எண்ணம் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

கிரேக்க நாட்டுப் படைத்தலைவர் செனஃபோன் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதினார். வற்புறுத்தலால் குதிரை செய்வதில் அறிவும் இராது, அழகும் இராது என்பது அவர் கருத்து. ஆடுபவரைச் சாட்டையால் அடித்து ஆடவைப்பதை அதற்கு ஒப்புமை காட்டுகிறார். நம் இலக்கியத்திலும் குதிரைக்கு இடம் பெரிது. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. புறத்திணையில் ‘குதிரைமறம்’ என்றே ஒரு துறை உண்டு. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ வேறொன்றையும் எழுதிவைத்தார்: ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகள், பேணத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலும் மடிந்தன என்று. வயிற்றுக்கு ஒவ்வாததைத் தின்றுவிட்டால் குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதை லாயத்தில் சேர்ந்தபின் அறிந்தபோது, அந்தச் செய்தி எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. கொள்ளை ஊறவைக்காமல் கொடுக்கத் தாத்தா ஏன் ஒருநாளும் ஒப்பவில்லை என்பதும் புரிந்தது.

செப்டம்பர் இறுதியில் ஒரு செய்தி வந்தது. சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வர் குழு அது. ஆசிய விளையாட்டின் குதிரையேற்றத்தில் இந்தியா தங்கம் பெற்றது 1982க்குப் பின் அதுவே முதல்முறை. லாயத்தில் ஒரே கொண்டாட்டம். என் கைப்பேசியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு வியப்பளித்தவை அவர்களின் தாவலும் சுழற்சியும் அல்ல. தொடக்கத்தில் குதிரை வந்து நின்ற நிலை. நான்கு கால்களும் செங்கோணத்தில், கட்டிலின் கால்களைப்போல.

செவலையை நிறுத்த நான் கண்டுபிடித்த வழி பேச்சு. “இரு தாயி, இரு, இரு” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தால் அவள் காது பின்னால் திரும்பும், கழுத்து தளரும், சில நொடிகள் நிற்பாள். ஆகசுட்டு முழுவதும் அப்படியே கழிந்தது. மகிழ்ச்சியோடு பயிற்சியாளரிடம் காட்டியபோது அவர் தலையசைத்தார்.

“நல்லது. ஆனால் தேர்வில் பேசக் கூடாது. குரல் கொடுத்தால் மதிப்பெண் குறைப்பார்கள். நாக்கைச் சொடுக்கினாலும் அப்படித்தான்.”

நான் திகைத்துப் போனேன். குரலும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் எப்படிச் சொல்வது? அவர் தம் மார்பைத் தொட்டுக்காட்டினார். மூச்சால் சொல்ல வேண்டும். நிற்கப் போகும் இடத்திற்கு மூன்று எட்டு முன்பே மூச்சை மெல்ல வெளிவிட்டு, முதுகை நிமிர்த்தி, இருக்கையில் கனமாக வேண்டும். விரல்கள் கடிவாளக் கயிற்றை ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒருமுறை இறுக்கித் தளர்த்த வேண்டும். அவ்வளவே. தாவி ஓடும் குதிரை ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு விடுகிறது; ஓட்டமும் மூச்சும் அதற்கு ஒன்றே. ஆகவே நம் மூச்சு மாறினால் அதை அது அறியும் என்றார்.

1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜில் வெள்ளி வென்ற டென்மார்க் பெண் லிஸ் ஹார்டெல் பற்றியும் அவர்தான் சொன்னார். இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழ் உணர்விழந்தவர் அவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. அதுவரை இராணுவ அலுவலர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இந்தப் போட்டியில் பெண்கள் கலந்துகொள்ள இடம் கிடைத்ததே அந்த ஆண்டில்தான். காலால் சொல்ல முடியாதவர் ஒருவர் உலகின் இரண்டாம் இடத்தைப் பெற்றார் என்றால், வாயால் சொல்ல முடியாத நான் குறைசொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் செவலை கேட்கவில்லை. அக்டோபர் போயிற்று. நவம்பரும் பாதி போயிற்று. நடையும் ஓட்டமும் நாளுக்கு நாள் சீரடைந்தன. இருபது மீட்டர் வட்டம் முட்டையாக இருந்தது மாறி வட்டமாயிற்று. ஒரே பக்கமாக வளைந்து ஓடி விறைத்திருந்த அவள் உடல் மறுபக்கமும் இளகத் தொடங்கியது. எக்ஸில் மட்டும் நான்கு நொடி. ஐந்தாம் நொடியில் முதுகை வளைத்துக்கொண்டு பின்வாங்குவாள். பிடிவாதம் என்றேன் நான். பந்தயச் சூடு இன்னும் தணியவில்லை என்றார் ஒருவர். கடிவாளத்தைக் கடுமையானதாக மாற்று என்றார் இன்னொருவர். அதை மட்டும் பயிற்சியாளர் மறுத்தார்.

தாத்தாவிடம் மாடியில் இதையெல்லாம் சொன்னேன். அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, “நம்ம சாம்பலும் ஒருநாள் நின்னுச்சு” என்றார்.

1970களின் தொடக்கத்தில் ஓர் இரவு. பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிருட்டினகிரிக்கு விரைந்திருக்கிறார். பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. குரல் கொடுத்தார், நகரவில்லை. தட்டினார், நகரவில்லை. உள்ளே அந்தப் பெண்ணின் அலறல். சவுக்கை எடுத்து அடித்தார். எட்டு, பத்து அடி. குதிரை ஓடியது. மருத்துவமனைவரை ஓடியது. தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் குதிரையின் முன்காலைத் தூக்கிப் பார்த்தபோது, கழன்ற லாடத்தின் ஆணி குளம்பின் உட்சதையில் ஏறியிருந்தது.

“நிக்குதுன்னுதான் எனக்குத் தெரிஞ்சுது, கண்ணு. ஏன் நிக்குதுன்னு எறங்கிப் பாக்கல. பாக்கறதுக்கு ஒரு நிமிசம் ஆகியிருக்கும்.”

சாம்பல் அதன்பின் சரியாக நடக்கவேயில்லை. ஓராண்டில் விற்றுவிட்டார். வேறு குதிரை வாங்கவில்லை. வருமானம் போதாமல் வண்டித்தொழிலை விட்டார் என்றே அதுவரை நாங்கள் அறிந்திருந்தோம். பாட்டிக்குக்கூட அவர் வேறு எதுவும் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரை ஓசூருக்கு அழைத்துச் சென்றேன். எண்பத்து நான்கு வயதில், வெள்ளை வேட்டியும் துண்டுமாக அவர் லாயத்திற்குள் நுழைந்ததும் செவலை தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் நேரே அவளிடம் செல்லவில்லை. சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நின்றுகொண்டு வேறெங்கோ பார்த்தார். இரண்டு நிமிடத்தில் அவளே மூக்கை நீட்டினாள். பிறகு அவர் கைகள் வேலையைத் தொடங்கின. நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். லாடத்தில் குறையில்லை. பற்களைப் பார்த்தார். கழுத்திலிருந்து முதுகெலும்பின் இருபுறமும் இரு விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். பிடரிமயிர் முடிந்து தோள்களுக்கு மேல் மேடாக எழும் இடத்திற்குச் சற்றுப் பின்னால் விரல் பட்டதும், செவலையின் தோல் சுருங்கியது. முதுகு வில்லாக வளைந்தது. எக்ஸில் ஐந்தாம் நொடியில் வளையும் அதே வளைவு.

“மூட்டைய எறக்கு” என்றார். சேணத்தைத்தான் சொன்னார்.

சேணத்தை மட்டும் அவள் முதுகில் வைத்துப் பார்த்தோம். பந்தயக் குதிரைகளுக்கு அந்த மேடு உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். எங்கள் சேணமோ அகன்ற முதுகுடைய வேறொரு குதிரைக்காகச் செய்தது. நான் ஏறி அமர்ந்ததும் அதன் முன்வளைவு தாழ்ந்து எலும்பின்மேல் உட்கார்ந்தது. ஆள் ஏறியபின்பும் அங்கே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும் என்பது பால பாடம். எனக்கும் தெரியும், தேர்வுத்தாளில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். ஓடும்போது என் எடை அங்கும் இங்கும் அசைந்து வலி பகிரப்பட்டது. நின்றபோது முழுதும் ஓரிடத்தில் இறங்கியது. ஐந்து மாதமாக அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு மூச்சுப்பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பயிற்சியாளர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தாத்தாவின் முன் வந்து விறைப்பாக நின்று ஒரு வணக்கம் வைத்தார். தாத்தாவுக்குக் கூச்சமாகிவிட்டது. “நீங்க பெரிய உத்தியோகத்துல இருந்தவரு” என்று நகர்ந்துகொண்டார்.

பத்து நாள் அவள்மேல் யாரும் ஏறவில்லை. வேறொரு சேணம் இரவல் கிடைத்தது. மேடு படாதபடி நடுவில் வெட்டிய தடித்த கம்பளி விரிப்பும் வாங்கினோம். மறுபடி ஏறிய நாளில் அவள் வழக்கம்போல் ஐந்தாம் நொடிக்கு ஆயத்தமானாள். வலி வரவில்லை. ஒரு காதைப் பின்னால் திருப்பினாள். ஆறு, ஏழு, எட்டு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் முழுதும் கைவேலை. செவலையைக் குளிப்பாட்டி, வாலைச் சிக்கெடுத்து, பிடரிமயிரைச் சிறுசிறு பின்னல்களாகப் பின்னி உருண்டையாகச் சுருட்டி நூலால் தைத்தேன். பள்ளி நாள்களில் அம்மா எனக்கு இரட்டைச் சடை பின்னியபோது நான் அசைந்ததைவிட இவள் குறைவாகவே அசைந்தாள். சேணத்தையும் வார்களையும் துடைத்து எண்ணெயிட்டோம். இரவில் வைக்கோலில் படுத்துப் பின்னலைக் கெடுத்துவிடுவாளோ என்று பயந்து இரண்டுமுறை எழுந்து பார்த்தேன். இரண்டுமுறையும் நின்றுகொண்டே உறங்கினாள். குதிரையின் கால்மூட்டுகள் தசைக்கு அதிக வேலை வைக்காமல் பூட்டிக்கொள்ளும் அமைப்புடையவை. நான்தான் உறங்கவில்லை.

விடிவதற்கு வெகுமுன் லாரியில் ஏற்றினோம். பனி. ஜூஜூவாடி எல்லையில் லாரிகளின் வரிசை. அத்திப்பள்ளியைத் தாண்டியதும் இன்னொரு வரிசை. தாத்தா வண்டியின் முன்னிருக்கையில் மப்ளர் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். தடுப்புவேகத்தில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம், “பாத்து தம்பி, பின்னால நின்னுக்கிட்டு வருது” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

களத்திற்கு வெளியே மற்றக் குதிரைகளைப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது. அவை உயர்ந்தவை, மினுமினுப்பானவை. சில வெளிநாட்டில் பிறந்தவை. மணி அடித்தது. மணி அடித்தபின் குறித்த நேரத்திற்குள் நுழைந்தாக வேண்டும். ஏ வழியே நடுக்கோட்டில் ஏறினோம். எங்கள் மாடியில் எட்டு அடியில் முடிந்த கோடு முடிவில்லாமல் நீண்டது. எக்ஸுக்கு மூன்று எட்டு. மூச்சை விட்டேன். கனமானேன். விரலை மூடித் திறந்தேன். செவலை நின்றாள். தலை தாழ்த்தி வணங்கினேன். நடுவரின் குடைக்குக் கீழே எழுதுபவரின் பேனா அசைவதுகூடத் தெரிந்தது. அவ்வளவு அமைதி.

நடுவில் நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல எனக்கே நினைவில்லை. இடப்புற வட்டம் நன்றாக வந்தது. தாவுநடைக்கு மாறும்போது தவறான காலில் தொடங்கினாள். திருத்த ஒரு மூலை பிடித்தது. கயிற்றை நீளவிட்டு மூலைவிட்டமாக நடக்கும் கட்டத்தில், அவள் கழுத்தை மணல்வரை நீட்டிப் பெருமூச்சு விட்டபோது, இங்கேயே இறங்கிவிடலாம்போல இருந்தது.

கடைசி நிறுத்தம். நடுக்கோட்டில் திரும்பி எக்ஸில் நின்றோம். அந்த நேரம் பார்த்து வெளிச்சாலையில் ஒரு லாரி காற்றொலிப்பானை அலறவிட்டது. செவலையின் தலை விருட்டென்று எழுந்தது. உடல் முழுதும் கம்பியாய் இறுகியது. என் மூச்சு, முதுகு, விரல் எல்லாம் மறந்துபோயின.

“இரு தாயி.”

மெல்லத்தான் சொன்னேன். அந்த அமைதியில் களம் முழுதும் கேட்டது. நடுவர் நிமிர்ந்து பார்த்தார். செவலை ஒரு காதைத் திருப்பினாள். ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

நூற்றுக்கு 57 விழுக்காடு. பதின்மூன்று பேரில் பத்தாம் இடம். மதிப்பெண் தாளைப் பயிற்சியாளர்தான் வாங்கி வந்தார். முதல் நிறுத்தத்திற்கு ஏழு. கடைசி நிறுத்தத்தில் எழுதிய எண்ணை அடித்து அதனினும் குறைந்த எண் எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் ‘குரல்’ என்று ஒற்றைச் சொல் குறிப்பு. உரிமையாளர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிறுவர்களுக்கு இனி இவளைக் கொடுக்கலாமா என்று கேட்டார். இப்போது வேண்டாம், ஓராண்டு போகட்டும் என்றார் பயிற்சியாளர். அந்த ஓராண்டைக் கேட்டபோதுதான் என் கால்கள் நடுங்குவதை உணர்ந்து மணலில் உட்கார்ந்தேன்.

தாத்தா லாரியின் நிழலில் செவலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சேணத்தை இறக்கியாயிற்று. வியர்த்திருந்த முதுகில் இரு விரல்களை ஊன்றி அழுத்திக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்தது. தோல் சுருங்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினார்.

“எவ்வளவு குறைச்சான்?” என்று கேட்டார், திரும்பாமலே.

சொன்னேன்.

“பேசுனதுக்கா?”

“ஆமாம் தாத்தா.”

“குறைக்கட்டும்” என்றார். துண்டை உதறி அவள் முதுகைத் துடைக்கத் தொடங்கினார்.